நீட்டாத கை

வாஞ்சூரைத் தாண்டி வடக்கே வரும் சாலையில் ஒரு சின்ன மதகு இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மணி ஆறாவதற்குச் சற்று முன்னால், கதிரவன் தன் சைக்கிளில் அந்த மதகுக்கு வந்து சேர்ந்தான்.

பனி இறங்கியிருந்தது. இருபுறமும் காட்டுக்கருவைப் புதர்கள் ஈரத்தில் கறுத்து நின்றன. வலப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், கடல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவன் சைக்கிளை வெளியே எடுத்த முதல் காலை அது. துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை.

மதகின் இடது ஓரத்தில் ஒரு தென்னை மட்டை கிடந்தது. பழக்க தோஷம். கைப்பிடியிலிருந்து இடது கையை எடுத்து, விரலைக் கீழே நீட்டி, மட்டையைக் காட்டிவிட்டுக் கடந்தான். காட்டிய பிறகுதான் நினைவு வந்தது, பின்னால் யாரும் இல்லையே என்று.

“பாத்துட்டேன் தம்பி.”

காதுக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் கேட்டது அந்தக் குரல்.

கதிரவன் பிரேக்கை அழுத்தினான். சக்கரம் வழுக்கி நின்றது. திரும்பிப் பார்த்தான்.

சாலை இருந்தது. பனி இருந்தது. வேறொன்றும் இல்லை.

ஆனால் முட்டி வலிக்குத் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலத்தின் வாடை, அந்தக் குளிரில், கூர்மையாக வந்து மூக்கில் ஏறியது.

அந்தத் தைலம் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அந்த மனிதரைச் சுடுகாடு வரைக்கும் தூக்கிப் போன நாலு பேரில் அவனும் ஒருவன்.

*

கதிரவனுக்கு முப்பத்தெட்டு வயது. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கல்யாணம் கூடிவரவில்லை, அதைப் பற்றி அவன் பெரிதாக வருத்தப்பட்டதும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் அவன் யாரோ ஒருவன். ஏழாவது நாள் காலை ஐந்து மணிக்குக் கலங்கரை விளக்கத்தின் அடியில் ஹெல்மெட்டோடு வந்து நிற்கும்போதுதான் அவன் கதிரவன். சனிக்கிழமை சாயங்காலமே செயினைத் துடைத்து, மெழுகு போட்டு, டயரில் காற்றை அழுத்தமானி வைத்துச் சரிபார்த்து, இரண்டு வாழைப்பழத்தைச் சட்டையின் பின்பையில் வைத்துவிட்டுத்தான் தூங்குவான். நாகூர் வழியாக வேளாங்கண்ணி போய்த் திரும்பினால் எழுபது கிலோமீட்டருக்குப் பக்கம். ஞாயிறுதோறும் அப்படிப் போய்வரும் சைக்கிள் குழுவில் வேகமானவன் அவன்தான். அது எல்லாருக்கும் தெரியும். அவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அப்படிப் போகிறவர்கள் கூட்டமாகப் போவதில்லை; ஒருவர் பின் ஒருவராக, முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை முட்டிவிடும் போல ஒட்டிக்கொண்டு போவார்கள். முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக் கொடுப்பான். பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்பு மிச்சம். தை மாதத்தில் ஊர் திரும்பும்போது கடல்காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்குமென்பதால், பின்னால் வருகிறவர் சற்று இடது பக்கம் ஒதுங்கி, முன்னவரின் மறைவில் வருவார். ஆனால் அவருக்குச் சாலை தெரியாது. முன்னவரின் முதுகுதான் தெரியும். அதனால் குழியோ கண்ணாடித் துண்டோ வந்தால் முன்னவர் கையை நீட்டிக் காட்ட வேண்டும். குழுவின் முதல் சட்டமும் கடைசிச் சட்டமும் அதுதான். செல்போன் கடை வைத்திருக்கும் ஃபயாஸ், புதிதாக வருகிறவர்களிடம் சொல்வான்:

“முன்னாடி போறவன் கைதான் பின்னாடி வர்றவனுக்குக் கண்ணு. மறந்தீங்கன்னா அன்னக்கி எல்லா சைக்கிளையும் நீங்கதான் கழுவணும், ஆமா.”

தெட்சிணாமூர்த்தி அந்தக் குழுவுக்கு வந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குரும்பகரத்துக்காரர், பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். சர்க்கரை வந்துவிட்டது, டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் சைக்கிள் மிதிக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். ஃபயாஸிடமிருந்து ஒரு பழைய பந்தய சைக்கிளை வாங்கிக்கொண்டார். அதன் பின்சக்கரத்தில் ஒரு பல் தேய்ந்திருந்தது. மிதிக்காமல் ஓடவிட்டால் டிக் டிக் டிக் என்று வந்து, நடுவில் ஒரு விக்கல் விக்கி, மறுபடி டிக் டிக் என்று தொடரும்.

வந்த நாள்முதல் அவர் கதிரவனின் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“ஒங்க பின்னாடி வந்தா காத்தே தெரியல தம்பி. கோயில் மதிலுக்குப் பின்னாடி நிக்கற மாதிரி இருக்கு.”

ஒவ்வொரு முறை கதிரவன் குழி காட்டும்போதும் பின்னாலிருந்து பதில் வரும். “பாத்துட்டேன் தம்பி.” எழுபது கிலோமீட்டரில் நூறு தடவையாவது வரும். மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. அவருக்கு அது போதாது. ஒருவர் நமக்காகக் கையை எடுத்து நீட்டினால் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற மனிதர். வழியில் சங்கிலி கழன்று நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் மீன்காரப் பெண்கள், யாரைப் பார்த்தாலும் நின்றுவிடுவார். அவர் பையில் எப்போதும் பஞ்சர் ஒட்டும் சாமான்கள் இருக்கும். அவருக்காகக் குழுவே காத்து நிற்க வேண்டி வரும்.

திரும்பி வரும்போது ஊர் எல்லைப் பச்சைப் பலகையை யார் முதலில் தொடுவது என்று ஒரு விளையாட்டு உண்டு. எப்போதும் கதிரவன்தான். தை பிறந்த முதல் ஞாயிறு, பலகைக்கு நூறடி இருக்கையில், பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த தெட்சிணாமூர்த்தி திடீரென்று எழுந்து மிதித்து அவனைத் தாண்டிப் போய்விட்டார்.

“கதிர்ணே!” என்று கத்தினான் ஃபயாஸ். “நாகூர்லேருந்து நீங்க சொமந்துகிட்டு வந்தீங்க. வாசல்ல எறங்கி ஒங்களுக்கு முன்னாடி உள்ள போயிட்டாரு பாருங்க, மாப்புள்ள கணக்கா!”

எல்லாரும் சிரித்தார்கள். தெட்சிணாமூர்த்தி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து கதிரவனின் தோளைத் தொட்டார்.

“கோச்சிக்காதீங்க தம்பி. காலு தானா போயிடிச்சி.”

கதிரவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு வாரம் அவன் உள்ளே கிடந்து புளித்தது.

அடுத்த ஞாயிறு, திரும்பும் வழியில், மதகுக்குப் பக்கத்தில் அவன் அந்தக் குழியைப் பார்த்தான். மழைக்காலம் தோண்டிவிட்டுப் போன குழி. பூவரசு இலை வடிவம். தேங்கிய நீரில் சிவப்பாக ஒரு செங்கல் துண்டு. முப்பதடி தூரத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. அவன் பாதையில் இல்லை; இடது ஓரத்தில், அவருடைய பாதையில் இருந்தது.

கையை நீட்ட ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது.

‘ஒரு குலுக்கு குலுங்கட்டும்’ என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை என்று கடவுளின் முன்னால் சத்தியம் செய்வான்.

கை கைப்பிடியிலேயே இருந்தது.

சாலையில் கிடந்த தெட்சிணாமூர்த்தியின் தலையை ஃபயாஸ் மடியில் வைத்திருந்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. யாரோ, “கைய காட்டலியா?” என்று கேட்டார்கள். கதிரவன் வாயைத் திறப்பதற்குள் கீழே கிடந்தவர் சொன்னார்:

“தம்பி காட்டியிருப்பாரு… நான்தான் கவனிக்கல.”

அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு. நடுப்பகலுக்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். கதிரவன் அதை மறுக்கவில்லை. முதல் நாள் மறுக்காததை இரண்டாம் நாள் மறுப்பது கஷ்டமாக இருந்தது. பதினாறாம் நாள் அது உண்மையாகவே ஆகிவிட்டது, அவன் ஒருவனைத் தவிர எல்லாருக்கும்.

*

மாசிக்குப் பிறகு அந்தக் குரல் அவனை விடவில்லை.

அவன் கை காட்டினால் போதும். பகலோ காலையோ, கிளிஞ்சல்மேட்டுக்குப் போகும் மணல் சாலையோ கடைத்தெருவோ, உடனே பதில் வரும். கோபம் இல்லை. குறை இல்லை. உயிரோடு இருந்தபோது எப்படிச் சொன்னாரோ அதே பணிவு. அதுதான் தாங்க முடியவில்லை.

மிதிப்பதை நிறுத்திச் சைக்கிளை ஓடவிட்டால், அவனுடைய சக்கரத்தின் சத்தத்துக்குக் கீழே இன்னொரு சத்தம் கேட்கும்.

டிக் டிக் டிக்.

ஒரு விக்கல்.

டிக் டிக்.

அவருடைய சைக்கிள் குரும்பகரத்தில், சக்கரம் வளைந்து, மாட்டுக்கொட்டகையில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அவன் கை காட்டுவதை நிறுத்திக்கொண்டான். குரல் நின்றது. ஆனால் சித்திரையில் வேறொன்று தொடங்கியது.

குழி.

அந்த மதகுக் குழியை எப்போதோ தார் போட்டு மூடியிருந்தார்கள். ஆனால் அதே குழியை அவன் நிரவி ஊருக்குப் போகும் சாலையில் பார்த்தான். பூவரசு இலை, தேங்கிய நீர், செங்கல் துண்டு. மழையே பெய்யாத கோடையில் நீர். இறங்கிப் போய்க் கையை வைத்துப் பார்த்தான். தார் வழவழவென்று இருந்தது, வெயிலில் சுட்டது. அடுத்த வாரம் நாகூர் எல்லையில். அதற்கடுத்த வாரம் அவன் அலுவலக வாசலிலேயே. ஒவ்வொரு முறையும் இறங்கித் தொட்டான். ஒவ்வொரு முறையும் வெறும் தரை.

ஒருநாள் ஃபயாஸ் பின்னால் வந்துகொண்டிருந்தான். குழி தெரிந்தது. கதிரவன் தன்னை மறந்து கையை நீட்டிவிட்டான். ஃபயாஸ் சட்டென்று வலப்பக்கம் ஒடித்தான். பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு அவனை உரசினாற்போலப் போனது.

“யா அல்லா!” ஃபயாஸின் முகம் வெளுத்திருந்தது. “என்ன காட்டுனீங்க? பாம்பா? ஒண்ணுமே இல்லியே அங்க!”

“கண்ணு… கண்ணு ஏதோ…”

“கண்ணாடி போடுங்கண்ணே. இல்லன்னா என் கடைக்கு வாங்க, ஒங்க கண்ணுக்கு ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டி வுடறேன்.” சிரிக்கப் பார்த்தான்.

அன்றைக்குக் கதிரவன் ஒரு முடிவுக்கு வந்தான். அந்தக் குழி பொய். செத்தவர் காட்டும் பொய். அதற்குக் கை நீட்டினால் பின்னால் வருகிறவனைக் கொன்றுவிடும். இனி அதைப் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட வேண்டும்.

அம்மையார் கோயிலில் போய் நின்றான். பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டு இறைவனின் காலடியில் போய் உட்கார்ந்த அம்மையின் ஊர் அது. பேயாய் வருகிறவர்கள் எல்லாரும் கெடுக்க வருகிறவர்கள் இல்லை என்பது அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மறைப்பதற்கு ஒன்று வைத்திருப்பவனுக்கு எந்தக் குரலும் மிரட்டலாகத்தான் கேட்கும்.

*

மார்கழிக் கடைசியில் ஃபயாஸ் சொன்னான், தெட்சிணாமூர்த்தியின் வருஷ நினைவாகக் குழு முழுவதும் நாகூர் போய்த் திரும்பப் போகிறது, அவர் மகளும் வருகிறாள் என்று.

“இளவேனிலா? அது எப்படி?”

“அப்பா சைக்கிளுக்குச் சக்கரம் மாத்திக் குடுங்கன்னு கடைக்கே வந்திடிச்சி. ரெண்டு மாசமா ஓட்டுது. ஒங்க பின்னாடிதான் வருவேன்னு ஒரே புடியா நிக்கிது. அவங்க அப்பா எடமாம்.”

கதிரவன் அன்று மத்தியானமே குரும்பகரம் போனான். சொல்லிவிடுவது என்று போனான். வாசலில் உளுந்தைக் காயவைத்துக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தாள் சந்திரலேகா, தெட்சிணாமூர்த்தியின் மனைவி. ஒரு வருஷத்தில் பத்து வயது கூடியிருந்தது.

“வாங்க கதிரு. ஒக்காருங்க. மோர் கொண்டாரவா?”

“வாணாம் அண்ணி. ஒண்ணு சொல்லணும்னு வந்தேன்.” செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். “அன்னக்கி… அந்தக் குழியில… நான்…”

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“தெரியும் கதிரு. ஒங்களுக்கும் மனசு ஆறலன்னு தெரியும். ஆனா கேளுங்க. அவரு கடைசியா சொன்ன சொல்லு இருக்கே, அதப் புடிச்சிகிட்டுதான் நான் எந்திரிச்சி நடமாடறேன். யாரு மேலயும் ஒரு கொறை இல்லாம போனாரு பாருங்க. சாவுன்னா அப்புடி வரணும். அது மட்டும் இல்லன்னா நான் என்னத்த வச்சிகிட்டு இருக்கறது?”

காக்கை ஒன்று உளுந்தில் இறங்கியது. அவள் எழுந்து போய் விரட்டினாள்.

அவன் அதைச் சொல்லவில்லை. மோரைக் குடித்தான். அவள் நல்லதுக்காகத்தான் சொல்லாமல் விடுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். நெஞ்சில் இறங்கியது மோரின் குளிர்ச்சி மட்டும் இல்லை. தப்பித்துவிட்டோம் என்ற குளிர்ச்சியும்தான். அதை அவன் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தான்.

இளவேனில் கொட்டகையிலிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பெண். அப்பாவின் நெற்றி.

“சித்தப்பா, நீங்க கை காட்டுனா நான் என்ன செய்யணும்? தலையாட்டுனா போதுமா?”

“போதும்மா.”

“அப்பா என்ன செய்வாரு?”

கதிரவன் செருப்பைத் தேடினான்.

“பாத்துட்டேன்னு சொல்லுவாரு.”

“அப்ப நானும் சொல்லுவேன்.”

அவள் சைக்கிளைத் திருப்பி உருட்டிப் போனாள். ஃபயாஸ் வளைந்த முன்சக்கரத்தைத்தான் மாற்றியிருந்தான்; பின்சக்கரத்துப் பல் பழையதுதான்.

டிக் டிக் டிக்.

ஒரு விக்கல்.

*

தை மாதம் இரண்டாம் ஞாயிறு. பதினோரு சைக்கிள்கள். கலங்கரை விளக்கத்தின் அடியில் தெட்சிணாமூர்த்தியின் படத்துக்குச் செவ்வந்தி மாலை போட்டு, ஒரு நிமிஷம் நின்று, கிளம்பினார்கள்.

கதிரவன் முன்னால். அவனுக்குப் பின்னால் இளவேனில்.

அன்று அவன் எல்லாவற்றையும் காட்டினான். வேகத்தடை, நாய், கண்ணாடி, மணல், ஒரு பிய்ந்த செருப்பு. இடது கை ஓயவில்லை.

“பாத்துட்டேன் சித்தப்பா.”

அவளுடைய இளங்குரல் அடங்கியதும், அதற்குச் சற்றுப் பின்னால், பல மாதத்துக்குப் பிறகு, அது.

“பாத்துட்டேன் தம்பி.”

ஒவ்வொரு முறையும் இரண்டு பதில்.

இந்த முறை அவனுக்குப் பயமாக இல்லை. அழுகைதான் வந்தது. மகளோடு வருகிறார், வரட்டும் என்று நினைத்தான். நாகூரில் டீ குடிக்கும்போது ஃபயாஸ், “என்னண்ணே, இன்னக்கி டிராஃபிக் போலீஸ் மாதிரி கைய ஆட்டறீங்க!” என்றான். இளவேனில் சிரித்தாள். நெற்றியில் வியர்வை மினுங்கியது. “காத்தே தெரியல சித்தப்பா” என்றாள்.

திரும்பும்போது கிழக்கு வெளுத்திருந்தது. பனி இன்னும் விலகவில்லை. கடல்காற்று வலப்பக்கத்திலிருந்து தள்ளியது. அவள் இடது பக்கம் ஒதுங்கி அவன் மறைவில் வந்தாள்.

தைல வாடை வந்தது.

மதகுக்கு இன்னும் இருநூறு அடி இருந்தது.

அப்போது அவன் குழியைப் பார்த்தான்.

பூவரசு இலை. தேங்கிய நீர். இடது ஓரத்தில்.

‘வந்துட்டியா’ என்று பல்லைக் கடித்தான்.

பின்னால் ஒரு பஸ்ஸின் இரைச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது. கை காட்டினால் அவள் வலப்பக்கம் ஒடிப்பாள். பஸ்ஸுக்குள் போவாள். ஃபயாஸுக்கு நடந்தது கண்ணில் வந்தது.

“தம்பி.”

குரல் மாறியிருந்தது. பணிவு இல்லை. மூச்சு இரைத்தது.

“தம்பி, கைய நீட்டுங்க.”

இது பொய். இது பொய்க் குழி. எத்தனை தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

“தம்பி! புள்ள வருது! கைய நீட்டுங்க!”

அவன் இரண்டு கைகளாலும் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டான்.

பஸ் கடந்து போனது.

அதன் இரைச்சல் அடங்குவதற்குள் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்ட அதே சத்தம். இரும்பு, பிறகு தலை.

*

கதிரவன் ஓடிவந்து முதலில் அவளிடம் போகவில்லை. அதை ஃபயாஸ் பார்த்தான், கடைசிவரை மறக்கவில்லை. அவன் குழியிடம் போனான். மண்டியிட்டுக் கையை வைத்தான்.

கை மணிக்கட்டு வரைக்கும் நீருக்குள் இறங்கியது.

உள்ளே துழாவினான். செங்கல் இல்லை. கருங்கல் ஜல்லி. பொங்கலையொட்டிப் பெய்த மழையில் விழுந்த புதுக் குழி.

ஒரு வருஷமாக அந்த மனிதர் அவனுக்குப் பொய்யைக் காட்டவில்லையோ என்னவோ. மறைத்து வைத்தவனின் கண்தான் போகிற இடமெல்லாம் அந்தக் குழியைத் தோண்டிக்கொண்டே வந்ததோ என்னவோ. பின்னால் வந்தவர் வந்தது ஒரே ஒரு கைக்காகத்தான். அந்தக் கையை அவன் இரண்டாவது முறையும் கொடுக்கவில்லை.

ஹெல்மெட் பிளந்திருந்தது. இளவேனிலின் கண்கள் திறந்திருந்தன. அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரவன் குனிந்தான்.

“இளவேனி… அம்மாடி…”

அவள் உதடு அசைந்தது. வந்தது அவள் குரல்தான். ஆனால் பேச்சின் நிதானம் அவளுடையது இல்லை.

“தம்பி காட்டியிருப்பாரு…” என்றாள், அவனை எப்போதும் சித்தப்பா என்று அழைத்த பெண். “நான்தான் கவனிக்கல.”

*

அவள் சாகவில்லை. வலது காலும் வலது கையும் விளங்கவில்லை. பேச்சு அன்றோடு நின்றது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் கதிரவன் சந்திரலேகாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். முதல் குழியையும் இரண்டாவது குழியையும் சொன்னான். அழவில்லை, அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தான். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள்.

“அன்னக்கி உளுந்து காயவச்ச நேரத்துல நான் ஒங்க வாய அடைச்சேன்ல?” என்றாள்.

“ஒங்க மேல தப்பு இல்ல அண்ணி.”

“நீங்க மீறிச் சொல்லியிருக்கலாம்.”

கிண்ணத்தை முந்தானையால் மூடினாள்.

“கஞ்சி ஆறுது. தள்ளி நில்லுங்க.”

அவ்வளவுதான். திட்டவில்லை, சபிக்கவில்லை. அவர் விட்டுப் போன அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நின்றிருந்தாள்; அதைப் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பிசியோதெரபிக்காக அம்மாவும் மகளும் நகரத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள். கதிரவன் சைக்கிளை விற்காமல், ஓட்டாமல், சுவரில் மாட்டிவிட்டான். தினமும் அலுவலகம் விட்டதும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பான். சந்திரலேகா மகளின் சக்கர நாற்காலியை வெளியே தள்ளி வைப்பாள். அது மன்னிப்பு இல்லை. அவளுக்கு முதுகு வலித்தது, வேறு ஆள் இல்லை. ஆனாலும் சிலநாள் வாசல்படியில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும். அவன் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைப்பான்.

கடற்கரைச் சாலையில் இளவேனிலைத் தள்ளிக்கொண்டு போவான். சாயங்கால வெயில், பிள்ளைகள், சுண்டல்காரர்கள். அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவன் தரையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

ஆவணி மாதத்தில் ஒருநாள், நடைபாதைக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. யோசிக்காமல் இடது கையை நீட்டிக் காட்டினான். முன்னால் இருப்பவள் அவளாயிற்றே, பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கையை இழுத்துக்கொண்டான்.

“பாத்துட்டேன் தம்பி.”

காதுக்குப் பின்னால். ஒரு முழத் தூரத்தில். பழைய பணிவோடு.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கடல்காற்றில் தைலம் மணத்தது.

அப்போது நாற்காலியில் இளவேனிலின் கை அசைந்தது. ஏழு மாதமாக மடியில் கிடந்த வலது கை. மெல்ல எழுந்தது, பக்கவாட்டில் நீண்டது, ஒரு விரல் பிரிந்து தரையைக் காட்டியது.

அவள் காட்டிய இடத்தைக் கதிரவன் பார்த்தான். பத்தடி தூரத்தில், புதிதாய்ப் பூசிய சிமெண்டுத் தரை. வழவழவென்று. ஒரு கீறல்கூட இல்லை. ஒரு சிறுமி அதன்மேல் குதித்துக் குதித்து ஓடினாள்.

குனிந்து தொட்டுப் பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

“பாத்துட்டேன்” என்றான்.

நாற்காலியைத் திருப்பி அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

அவனுக்குப் பின்னால், டிக் டிக் டிக் என்று வந்த சத்தம், ஒரு விக்கல் விக்கி, அதே இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது.